மீசையைத் தாண்டிய எறும்பு

முனீஸ்வரிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அம்மாவோடு சேற்றில் குனிந்து நாற்று நட்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் பல் துலக்கக் குனிந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு படு" என்றாள் அம்மா செல்லத்தாய்.

"ம்ஹூம். எறும்பு காத்துக்கிட்டிருக்கும். நான் போறேன்."

எறும்பு என்பது அவர்கள் பள்ளியின் ரோபோ. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இரண்டு சக்கரம், முதுகில் பேட்டரி, வயிற்றுக்கு அடியில் இரண்டு கண். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அது ஓட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு முனீஸ்வரியும் அழகுராஜாவும், எட்டாம் வகுப்பு முத்துச்செல்வியும்தான் வாடிப்பட்டிப் பக்கத்து அந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் ரோபோ அணி. இன்னும் இரண்டு வாரத்தில் மதுரையில் போட்டி.

போன வருடமும் போனார்கள். ரோபோ இடத்தை விட்டு நகரவே இல்லை. மைக் பிடித்தவர், "பரவாயில்ல! கிராமத்துல இருந்து இம்புட்டு தூரம் வந்திருக்காங்க, ஒரு கைதட்டு குடுங்க" என்றார். எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டு முனீஸ்வரியின் காதில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியர் கனகா டீச்சருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

"இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் முன்னாடி மூணு சுத்து ஓடணும். ஒரு சுத்து தப்பினாலும் பேர் அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவை பரிதாபப்பட்டுக் கைதட்டு வாங்க என்னால முடியாது" என்று சொல்லியிருந்தார்.

பழகுவதற்கு வெள்ளையாக, அகலமாக ஒரு விரிப்பு தேவைப்பட்டது. வகுப்பறைத் தரை முழுக்கக் கறையும் விரிசலும். விரிப்பைத் தேடி அலைந்த முனீஸ்வரியின் கண்ணில் பட்டது சோணைமுத்து மாமாவின் ஆட்டுக்கொட்டகை. அதன் கூரை ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அவருடைய அக்கா பிள்ளைகளின் காதணி விழாவுக்கு வைத்தது. பிள்ளைகள் மூலையில் பொடியாக இருந்தார்கள். நடுவில் தாய்மாமன் சோணைமுத்து, முழநீள மீசையோடு பெரிதாக இருந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் குடுங்க மாமா. மழைக்கு முன்னாடி திருப்பித் தந்துருவோம்."

"எடுத்துக்க. ஆனா ஒண்ணு. என் மூஞ்சி மேல மிஷினும் ஏறக்கூடாது, ஒருத்தரும் மிதிக்கவும் கூடாது. தாய்மாமன்டி நான்!"

அதனால் அவர் முகத்தைத் தரைப்பக்கம் கவிழ்த்து, வெள்ளையான பின்பக்கத்தை மேலே வைத்து விரித்தார்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் வளைந்து வளைந்து ஒரு கோடு ஒட்டினார்கள்.

எறும்பு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஓர் இடம் வந்தால் மட்டும் கோட்டை விட்டுவிட்டு விசுக்கென்று இடதுபக்கம் திரும்பி, சுவரில் போய் முட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அதே இடம். அழகுராஜா புரோகிராமை ஒன்பது தடவை மாற்றி எழுதிவிட்டான். முத்துச்செல்வி பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். போன வாரம் முழுக்க அப்படியே போனது.

இந்தத் திங்கட்கிழமை மாலையும் அதே கதை. டமால்!

"இதுக்குப் பேய் பிடிச்சிருக்குண்ணே" என்றாள் முத்துச்செல்வி.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நாளைக்குப் பத்தாவது தடவை எழுதுறேன்" என்று பல்லைக் கடித்தான் அழகுராஜா.

முனீஸ்வரியால் குனிந்து பார்க்க முடியவில்லை. "ஆத்தாடி" என்று முனகிக்கொண்டே விரிப்பின் மேல் குப்புறப் படுத்துவிட்டாள். இடுப்புக்குச் சுகமாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்த விரிப்பில் அவள் தலையின் நிழல் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தில் பளபளப்பு அடங்கியது. அங்கே சாம்பல் நிறத்தில், மங்கலாக, வளைவாக ஏதோ தெரிந்தது.

முனீஸ்வரி தலையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். வளைவு நீண்டது. நுனியில் முறுக்கிக்கொண்டது.

"ஏய்! இங்க வாங்க! இது மாமாவோட மீசை!"

மூன்று பேரும் படுத்துப் பார்த்தார்கள். அச்சடித்த கறுப்பு மீசை பின்பக்கமும் தெரிந்தது. எறும்பு அதையும் கோடு என்று நினைத்து மீசை வழியே போய்க்கொண்டிருந்தது.

முத்துச்செல்வி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். அழகுராஜா சிரிக்கவில்லை. "ஒன்பது தடவை எழுதினேன்" என்றான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி விடு, கோட்டைப் பிச்சு மீசை இல்லாத பக்கமா ஒட்டிருவோம். வெள்ளிக்கிழமை பாஸ்" என்றான்.

"மாட்டேன்" என்றாள் முனீஸ்வரி.

"ஏன்டி?"

"மதுரையில விரிப்புல அழுக்கு இருக்கும், நிழல் விழும். அங்க போய் இந்தக் கோட்டைத் தள்ளி ஒட்டுங்கன்னு கேப்பியா? கேட்டா மறுபடியும் பாவம்னு கைதட்டுவாங்க. எனக்கு அந்தக் கைதட்டு வேணாம். எறும்பு மீசை மேலயே ஓடட்டும்."

"ஓடலைன்னா?"

"ஓட வைப்போம்."

எறும்பின் கண் ஒவ்வொன்றின் தலையிலும் கடுகு அளவு ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் கண் எவ்வளவு கறுப்பைக் கோடு என்று எடுத்துக்கொள்ளும் என்பது மாறும். அதிகம் திருப்பினால் மீசையோடு கோடும் தெரியாமல் போகும். குறைத்தால் மறுபடியும் மீசை. மயிரிழை திருப்பு, ஓட விடு, சுவரில் முட்டு, தூக்கு, மறுபடி திருப்பு. செவ்வாயும் புதனும் இப்படியே போயின. முனீஸ்வரி படுத்தபடியே திருப்பினாள். வியாழக்கிழமை மாலை எறும்பு மீசையில் ஏறி, மீசையில் இறங்கி, கோட்டை விடாமல் போனது. மறுபடியும் போனது. அழகுராஜா பெஞ்சு மேல் ஏறிக் குதித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை கனகா டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

முதல் சுற்று ஓடியது. இரண்டாம் சுற்றும் ஓடியது.

டீச்சர் கையை உயர்த்தினார். "நிறுத்துங்க. இது நீங்க பழக்கி வச்ச கோடு. புதுக் கோடு போட்டா ஓடுமா?"

முத்துச்செல்வி முனீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முனீஸ்வரி மேசையில் இருந்த டேப்பை எடுத்து டீச்சரிடம் நீட்டினாள்.

"நீங்களே ஒட்டுங்க டீச்சர். எங்க வேணும்னாலும் ஒட்டுங்க."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் இறங்கினார். பழைய டேப்பை எல்லாம் பிய்த்துவிட்டுப் புதுக் கோடு ஒட்டினார். அந்தக் கோடு இரண்டு இடத்தில் மீசையைக் குறுக்காக வெட்டியது. அது டீச்சருக்குத் தெரியாது. மற்ற மூன்று பேருக்கும் தெரியும்.

எறும்பு கிளம்பியது. முதல் மீசையில் லேசாக ஆடியது. தாண்டியது. அடுத்த மீசையில் ஆடக்கூட இல்லை. சுற்றை முடித்துவிட்டுத் தொடங்கிய இடத்தில் வந்து நின்றது.

டீச்சர் கைதட்டவில்லை. கைப்பையிலிருந்து விண்ணப்பத் தாளை எடுத்தார்.

"மூணு பேரும் பேரை முழுசா எழுதுங்க. எழுத்து நல்லா இருக்கணும்."

அப்போது வாசலில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. சோணைமுத்து மாமா நின்றார். அவர் பிடித்திருந்த கயிறுகளின் மறுமுனையில் ஏழு ஆடுகள்.

"வெள்ளிக்கிழமை ஆச்சு. மழையும் வரப்போகுது. என் கூரை எங்க?"

"மாமா, போட்டி இன்னைக்கிருந்து பன்னிரண்டாம் நாள். அதுவரைக்கும் இதுலதான் பழகணும்."

"அப்ப என் ஆடு நனையட்டுமா?"

"எங்க வீட்டுக் கூடத்துல கட்டுங்க."

"உங்க ஆத்தா என்னையவும் சேத்துல்ல கட்டிப்போடும்!"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். வாங்குற ஏச்சு எனக்குத்தான்."

மாமா விரிப்பை எட்டிப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "என் மூஞ்சி மேல ஏதும் ஏறலையே?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூஞ்சி தரையைப் பார்த்துத்தான் இருக்கு மாமா" என்றாள் முனீஸ்வரி.

மழை பிடித்துக்கொண்டது. அவள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏழு ஆடுகளையும் வீட்டுக்கு ஓட்டிப் போனாள். இடுப்பு இன்னும் வலித்தது. எறும்பு மதுரைக்குப் போவது உறுதி. சோணைமுத்து மாமாவுக்குத் தர வேண்டிய ஒரு கூரை மட்டும் இன்னும் பாக்கி.