மாமியார் வாங்கிய வாக்கு

"அலமாரிச் சாவியைக் குடுடீ! உன்னைப் பெத்தவளா இருந்தா இப்படித் துடிக்க விடுவியா?"

விடிந்தும் விடியாததுமாக மாமியாரின் குரல் வீட்டைக் கிழித்தது. மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளுக்கு உடம்பெல்லாம் வேர்வை, விரல்கள் வெடவெடத்தன.

"நேத்து ராத்திரி மாத்திரை குடுத்துட்டேனே அத்தை... இனிமே இன்னைக்கு ராத்திரிதான்."

"பாவி! நீ நல்லா இருப்பியா..."

மருமகள் ஈரத்துணியால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்தக் கையையும் மாமியார் தட்டிவிட்டாள்.

மாமியார் லேசுப்பட்டவள் அல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். 'பெரியம்மா' என்றால் டாக்டர்களே எழுந்து நிற்பார்கள். கணவர் போனபின் தூக்கம் வராமல் தொட்ட மாத்திரை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகிவிட்டது. ஒருநாள் குளியலறையில் நினைவு தப்பி விழுந்தவளைத் தூக்கியபோதுதான் மருமகளுக்கு விஷயமே தெரிந்தது.

"என்னை இதுலேர்ந்து மீட்டுடுடீ! நான் கால்ல விழுந்து கெஞ்சினாலும் கூடுதலா ஒண்ணு குடுத்துடாதே. ஆனா என் பிள்ளைங்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவங்க கண்ணுல நான் தாழ்ந்துட்டா தாங்க மாட்டேன்..."

மருமகள் வாக்குக் கொடுத்தாள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். கூடவே ஓர் ஆள் வேண்டுமே! தையல் கம்பெனியில் ஆசை ஆசையாய்க் காத்திருந்து பெற்ற சூப்பர்வைசர் வேலையை விட்டாள். "அலுத்துப் போச்சுங்க" என்று மட்டும் கணவனிடம் சொன்னாள்.

மாமியார் சாவி கேட்டுக் கத்திய அந்தக் காலையிலேயே நாத்தனார் வந்து இறங்கினாள். மருமகள் மாத்திரை தர மாட்டேங்கிறாள் என்று அம்மா போனில் அழுத அழுகை அவளை உலுக்கியிருந்தது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை அட்டை கையில் இருந்தது.

"ஊருக்கே மருந்து குடுத்த கை அண்ணி இது! அதுக்கு ஒரு மாத்திரைக்கு வழியில்லையா?"

அம்மாவின் கையில் வைக்கப் போன அட்டையை மருமகள் வெடுக்கென்று பறித்தாள். சத்தம் கேட்டு, பாதிச் சவரத்தோடு கணவன் ஓடி வந்தான்.

"எங்கம்மா உயிரோட விளையாடுறியா? ஏன் இப்படிப் பண்றேன்னு சொல்லு. இல்லேன்னா உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமியாரைப் பார்த்தாள். அந்தக் கண்களில் வேட்கையைவிடப் பயம் பெரிதாக இருந்தது. மருமகள் தலை குனிந்துகொண்டாள்.

"கிளம்புறேங்க... அத்தைக்கு எதைக் குடுக்கிறதா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுக் குடுங்க. அது போதும்."

அவன் அட்டையைப் பிடுங்கி அம்மாவின் மடியில் போட்டான். மருமகள் துணிமணி எடுக்க உள்ளே நடந்தாள். மாமியாரின் விரல்கள் ஒரு மாத்திரையைப் பிதுக்கின. உதடு வரை கொண்டுபோனாள்...

"நில்லுடீ!"

ஒரு காலத்தில் வார்டையே அடக்கிய குரல் அது. மாத்திரை தரையில் உருண்டது.

"டேய், அவளை அனுப்பினா என்னை அனுப்பிட்டேன்னு வெச்சுக்கோ! உங்கம்மா மாத்திரைக்கு அடிமைடா... ஆமா, நான்தான்! குடுக்காதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான், தினம் அவளைச் சபிச்சதும் நான்தான். என் மானத்தைக் காப்பாத்த அவ தன் மானத்தை விட்டுட்டு நிக்கிறாடா!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "அண்ணி... உங்களைப் போய்..."

கணவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அம்மா, நீ தாழ்ந்து போகலம்மா. இவளைப் புரிஞ்சுக்காத நான்தான் தாழ்ந்துட்டேன்" என்றான்.

மாமியார் நடுங்கும் கைகளை நீட்டினாள். இத்தனை நாளும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத மருமகள் அந்த மடியில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அழுடீ என் தாயே, நல்லா அழு! இனிமே நீ ஒருத்தியா சுமக்க வேண்டாம்."

மாமியாரின் நடுக்கம் நிற்கவில்லை. அது நிற்க இன்னும் நாளாகும். ஆனால் மகள் ஒரு கையையும் மகன் மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.