கல்யாணப் படம் திக்கிய இடங்கள்

முதலில் படம் நின்றது ஆறுமுகசாமி மாமாவின் வாயில். பாதி லட்டு உள்ளே, பாதி வெளியே. நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கோவிந்தாபுரத்தின் ஆடிக் காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டி ஆட்டி அதற்குத் தவில் வாசித்தது.

ஈஸ்வரமூர்த்தி சோபா நுனியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். பூஞ்சணம் பிடித்த கல்யாணக் கேசட்டைப் பொள்ளாச்சிக் கடையில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வாங்கியிருந்தார். மகன் வேல்முருகன் பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன, டிவியில் மாட்டியிருந்த கேம் பெட்டியில் அது இப்போது ஓடிக்கொண்டிருந்தது. இன்று கல்யாண நாள். சாயங்காலம் சொந்தங்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். சொந்தமென்றால் சும்மாவா? வரிசையில் நிற்கவைத்தால் வால் உடுமலைப்பேட்டையில் இருக்கும்.

பழைய கல்யாணப் படம் ஓடுகிற எந்த வீட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. இறந்தவர் முகம் வந்தால் யாராவது சொல்லியாக வேண்டும். தனியாக இருந்தாலும் அவர் சொன்னார்.

“இவரு போயிட்டாரு.”

படம் நகர்ந்தது. மாமா லட்டை விழுங்கினார்.

அடுத்து சமையல்காரரின் முகத்தில் திக்கியது. “இவரும் போயிட்டாரு.” நகர்ந்தது. குங்குமம் கொடுத்த அத்தையிடம் நின்றது. போய்விட்டவர். ஆனால் இன்னும் உயிரோடிருந்து ஊரையே வதைக்கும் பழனிச்சாமி மட்டும் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடினார். ஈஸ்வரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அட, பெட்டிக்கு ஊர் நிலவரமெல்லாம் தெரியுதே!

அப்புறம் நஞ்சப்பனிடம் நின்றது.

மாப்பிள்ளைத் தோழன் நஞ்சப்பன், மீசை முளைக்காத உதட்டில் இளிப்போடு. காலையில்தான் செக்போஸ்ட் கடையில் இருவரும் டீ குடித்தார்கள். அவன் இரண்டு வடையைத் தின்றுவிட்டு ஒன்றுதான் தின்றதாகச் சத்தியமே செய்தான்.

“இவன் போகலையே,” என்றார் பெட்டியிடம்.

படம் அசையவில்லை. காற்று ஓய்ந்தது. சமையலறையில் மனைவி கற்பகம் தேங்காய் துருவும் சத்தம் மட்டும், கரக், கரக் என்று. போன் அடித்தது. நஞ்சப்பனின் சம்சாரம்.

“அண்ணா... மாந்தோப்புல உக்காந்தாப்பலயேங்ண்ணா...”

“போயிட்டானா?” என்றார்.

திரையில் நஞ்சப்பன் நகர்ந்து போனான்.

போன் கையிலிருந்து நழுவியது. நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அடுத்து யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அரக்குச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், குனிந்த முகம். அந்த முகம் நிமிர்ந்த கணத்தில் பதறிப்போய்க் கட்டைவிரலால் கையிலிருந்த ரிமோட்டின் பொத்தானை அழுத்தினார். படத்தை நிறுத்தினார்.

அவரேதான் நிறுத்தினார்.

கரக், கரக், க—

“கற்பகம்?”

சமையலறைக்கு ஓடினார். அரிவாள்மணைமேல் அவள் அப்படியே இருந்தாள். கையில் அரைமூடி. துருவிய பூ ஒன்று விரலிலிருந்து கிளம்பி, தட்டைத் தொடாமல் நடுவில் நின்றது. அடுப்பில் பால் பொங்கியது. அவள் கண் இமைக்கவில்லை. தொட்டார். சூடு இருந்தது.

திரும்ப ஓடிப் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பத்து விரலாலும் அழுத்தினார். மணப்பெண் அசையவில்லை. அசைய வைக்கும் வார்த்தை அவர் நாக்கிலேயே இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம். முகத்தைப் பார்த்ததும் தானாக வரும் வார்த்தை. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார்.

மகனைக் கூப்பிட்டபோதுதான் எடுத்தார்.

“படம் திக்குதுடா. நிக்குது.”

“அது ஒண்ணுமில்லீங்கப்பா. கடைக்காரன் ஃபைலை ஆனை சைசுக்குப் பண்ணியிருப்பான், பெட்டி மூச்சுத் திணறுது. என் பழைய லேப்டாப்புல காப்பி போட்டீங்கல்ல? அதைச் சின்னதா கன்வெர்ட் பண்ணி வேற பென்டிரைவுல ஏத்துங்க. பின்னாடி ஓட்டைல செருகுங்க. போனை அம்மாகிட்டக் குடுங்க.”

“அம்மா... வேலையா இருக்கா.”

“இன்னிக்குமாப்பா? கல்யாண நாளும் அதுவுமா அம்மாவ விடுங்கப்பா!”

லேப்டாப்பில் பச்சைக் கோடு ஊர்ந்தது. நத்தைகூட அதைப் பார்த்துக் கொட்டாவி விடும். சமையலறையிலிருந்து பால் தீய்ந்த வாசனை வந்தது. அடுப்பை அணைக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வந்தார். பார்த்தால் சொல்லிவிடுவார். பழனி மலைக்கு முழங்காலால் ஏறுவதாக வேண்டினார். போதாதென்று திரும்பி இறங்குவதையும் சேர்த்துக்கொண்டார். கோடு பாதியில் நின்றது. நகர்ந்தது. நின்றது. அவர் அழுதார். நகர்ந்தது.

முடிந்தது.

பழையதைப் பிடுங்கினார். திரை கறுத்தது. சமையலறையில் ஏதோ உருண்டது. புதியதைச் செருகினார். முதல் தடவை உள்ளே போகவில்லை. இரண்டாம் தடவை போனது. பொத்தானை அழுத்தினார்.

ஓடியது.

தண்ணீர்போல ஓடியது. மணப்பெண் நிமிர்ந்தாள், சிரித்தாள், நடந்தாள்.

கரக். கரக். கரக்.

“ஏனுங்க, பாலைத் தீய உட்டது ஆரு? ஊட்டுல ஒரு மனுசன் இருந்து என்ன புண்ணியம்?”

அந்த வசவுக்கு அவர் கோயிலே கட்டியிருப்பார். சிரிக்க வாயைத் திறக்கப் போனார்.

திறக்கவில்லை.

கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. எடுக்க முடியவில்லை. கண்ணை மூட முடியவில்லை. தலைக்குமேல் ஃபேன் சுற்றியது. அவர் மட்டும் நின்றிருந்தார்.

திரையில் யாரும் திக்கவில்லை. மணப்பெண் மணையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் மணை காலி. ஆறுமுகசாமி மாமா வாயைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். சமையல்காரர் வந்தார். அத்தை வந்தாள். எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒரு வீட்டுக் கூடத்தில் டிவி பார்ப்பவர்களைப்போல உட்கார்ந்தார்கள்.

பின்னால் கற்பகத்தின் செருப்புச் சத்தம். “ஏனுங்க, காப்பி குடிக்கிறீங்களா?”

நஞ்சப்பன் மாமாவின் விலாவில் இடித்தான். விரலை நீட்டினான். நேராக.

“நம்ம ஈஸ்வரமூர்த்திங்க மாமா. இவனும் போயிட்டான்.”

அவன் சொன்னதும் ஈஸ்வரமூர்த்தியின் கால்கள் நகர்ந்தன. திரையை நோக்கி.

அங்கே யாரோ காலி மணையைத் துண்டால் தட்டிவிட்டார்கள்.