சிரிப்பு அடங்கும் வரை

நேற்று வெட்டி எறிந்த மூச்சு இன்று மாலை அதே இடத்தில் இருந்தது.

சுகுணா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். அரங்கம் முழுக்கச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு அடியில் யாரோ வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்து, வெளியே விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். இதை அழித்துவிட்டுத்தான் நேற்று லேப்டாப்பை மூடினாள். சேமிக்க மறந்திருப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படி எதையாவது சொல்லிக்கொள்ளாமல் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது, பாவம்.

கராச்சர்மா கிழக்குக் கடல் தீவில் இருக்கும் ஊர்; ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு இறங்கத் தொடங்கிவிடும். கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவர் கார் நிக்கோபார் தீவுக்குப் போயிருந்தார். தகரக் கூரையில் மழை ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. காயாத துணியின் வாடையும், அடுப்படியிலிருந்து மீன் கழுவிய வாடையும், மேசையில் சூடேறிய லேப்டாப்பின் பிளாஸ்டிக் வாடையும் அந்தச் சின்ன அறைக்குள் கலந்து நின்றன. மேசை ஓரத்தில் பேட்டரி கழற்றிய காலர் மைக் கிடந்தது. அதன் கறுப்பு ஒயர் ஜம்புலிங்கத்தின் சட்டைக்குள் எப்படி வளைந்திருந்ததோ அதே வளைவோடு கிடந்தது.

ஜம்புலிங்கம் துறைமுக ஆபீசில் கிளார்க். தீவுத் தமிழர்கள் நடத்தும் நாடகக் குழுவில் அவர்தான் சிரிப்பு நடிகர். நாடகத்தை ஆட்கள் முன்னால் நடக்கும்போதே பதிவு செய்து, வானொலி நாடகம் மாதிரி பாட்காஸ்டாகப் போட்டால் மெயின்லேண்டில் படிக்கிற பிள்ளைகளும் கேட்பார்களே என்று யோசனை சொன்னவள் சுகுணா. ஜனங்களின் சிரிப்பைப் பிடிக்க மேலே மைக் தொங்கவிட்டாள். அவர் காலரில் தனியாக ஒன்று குத்தினாள். அதில் விழுவது அரங்கத்து ஸ்பீக்கருக்குப் போகாது. அவள் காதுக்கு மட்டுமே வரும்.

குழுவில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஜனம் சிரிக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிரிப்பு அடங்கிய பிறகுதான் அடுத்த வசனம்.

பதிவு நடந்த அன்றைக்கு அவர் கப்பலேறி வரும் சம்பந்தி வேஷம். அலையில் தள்ளாடி, வாந்தி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் காட்சி. பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் சுகுணாவின் காதுக்குள் அந்தக் குரல் வந்தது.

"சுகுணா, இது நடிப்பு இல்ல தாயி. திரையப் போடச் சொல்லு."

திரைக் கயிற்றைப் பிடித்திருந்த முத்துராஜ் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கியிருந்தால் போதும். ஆனால் அப்படி ஒரு சிரிப்பு அவள் கருவிக்குள் அதுவரை விழுந்ததில்லை. இது அடங்கட்டும் என்று இருந்துவிட்டாள். அது அடங்கவில்லை. அவர் விழுந்ததற்குக் கைதட்டலும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் ஜம்புலிங்கத்தின் மகள் விஜயலட்சுமி அவள் தோளில்தான் சாய்ந்து அழுதாள். கடைசி நிமிஷம் வரைக்கும் சிரிக்க வைத்துவிட்டுப் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். சுகுணாவும் சொன்னாள்.

இன்று மத்தியானம் விஜி போன் செய்து, ஆபீஸ் விட்டதும் வருவதாகச் சொல்லியிருந்தாள். "அப்பா கடைசியாச் சிரிக்க வெச்சத ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்க்கா. அது போதும் எனக்கு."

திரையைப் போடச் சொன்ன அந்தக் குரலை முதல் நாளே அழித்தாகிவிட்டது. அது திரும்பவில்லை. இந்த மூச்சுதான் திரும்பத் திரும்ப வந்தது. சுகுணா இந்த முறை காலர் மைக்கில் பதிவான மொத்தத்தையும் அழித்தாள். அவர் வசனம், இருமல், செருப்புச் சத்தம் எல்லாம் போயிற்று. வெறும் சிரிப்பு மட்டும் மிச்சம். அதை ஓடவிட்டாள்.

கரண்ட் போனது.

பக்கத்து வீட்டில் யாரோ இந்தியில் "லைட் சலா கயா" என்றார்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீல வெளிச்சத்தில் சுவரில் அவள் தலையின் நிழல் பெரிதாகத் தெரிந்தது. காதுக்குள் சிரிப்பு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை நீளம் அது இல்லையே என்று நினைத்து நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். திரையில் அலைக்கோடு நின்றது. சிரிப்பு நிற்கவில்லை.

பிறகு அது தேய ஆரம்பித்தது. முன்வரிசை ஓய்ந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் கொஞ்ச நேரம் சிரித்தது. யாரோ செருமினார்கள். நாற்காலி நகர்ந்தது.

மழையும் விட்டுவிட்டது.

மேசை ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. காலர் மைக்கின் விளக்கு. பேட்டரி அவள் எதிரே தனியாகக் கிடந்தது.

அவர் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காதுக்குள் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொல்ல. சிரிப்பு அடங்கட்டும் என்று அவரும் காத்திருந்தார். சட்டம் அவருடையதுதானே.

திரையில் பச்சைக் கோடு மெல்ல எழும்பியது. மூச்சு அசைந்தது. உதடு பிரியும் ஈரச் சத்தம்.

"சுகு..."

அவள் சிரித்தாள்.

சத்தமாக. தொண்டை எரிய. கோடு சட்டென்று இறங்கியது. மூச்சு மறுபடி பிடிபட்டது. காத்திருந்தது.

நிறுத்தினாள். கோடு எழும்பியது.

சிரித்தாள். இறங்கியது.

கேட் திறக்கும் சத்தம். ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தம். போன் வெளிச்சம் வராந்தாவில் ஆடி ஆடி வந்தது. ரெயின்கோட்டில் நீர் சொட்ட விஜி வாசலில் நின்றாள். இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து முதலில் பயந்தாள். பிறகு ஹெட்போனைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அப்பாவா அக்கா?"

சுகுணா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கையால் தடுத்தாள். வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. வயிறு ஒட்டிப்போயிற்று. உள்ளே காற்று இல்லை.

விஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் காதிலிருந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, சிரிப்பதற்குத் தயாராகக் கண்ணை மூடினாள்.

சுகுணாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சைக் கோடு எழும்பியது.