வெள்ளாற்றங்கரையில் ஏழாம் மழை

ஐப்பசித் திங்களின் அந்தி வேளையில், செவ்வானத்தைக் கருமேகங்கள் கொஞ்சங் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்க, வெள்ளாற்றின் வடகரையில் சோழர்களின் எல்லைக் காவலாக நின்ற செங்கரைக் கோட்டையின் மதில்மீது முதல் துளிகள் விழுந்தன. மதிலையொட்டிய அறையில் விளக்கருகே அமர்ந்திருந்த கோட்டைத் தலைவி பூதி மாதேவி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழாண்டுகளுக்கு முன் பாண்டியர் பாசறையை வேவு பார்க்க ஆற்றைக் கடந்த அவள் கணவன் கண்டன் எழினி, வெள்ளத்தில் மாண்டதாகச் செய்தி வந்தது. அன்பார்ந்த வாசகர்களே! கோடையெல்லாம் மணலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீரைப் போல அவள் துயரமும் ஒளிந்திருந்து, ஆண்டுதோறும் முதல் மழையோடு மேலே வரும். அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

"தேவி! முத்து வணிகன் என்கிறான். தலைப்பாகைக்குள் இது இருந்தது" என்று காவற்படைத் தலைவன் நக்கன் அரையன், ஒரு தாடிக்காரனை முன்னே தள்ளி, துணியொன்றை நீட்டினான். அகழியின் மதகும் சுரங்க வழியும் அதில் பிழையின்றி வரையப்பட்டிருந்தன.

அரையனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "வரைந்தவன் யார்?" என்றாள்.

"இங்கே வாழ்ந்தவன், பூதி."

அந்தக் குரலை அவள் அறிவாள். விளக்கை உயர்த்தினாள். தாடிக்குள் எழினியின் முகம் இருந்தது.

"பாண்டியரிடம் காயத்தோடு பிடிபட்டேன். உயிர் தந்தார்கள்; பிறகு நிலம், மனைவி, இரண்டு புதல்வர்கள்..."

"ஒரு செய்தி அனுப்பியிருக்கலாமே?"

"எந்த முகத்தோடு அனுப்புவேன்? பூதி, எனக்கு நடுகல் நட்டு ஊரே வணங்குகிறது. அந்தப் பெருமை உனக்கும் நிலைக்கட்டும். வணிகனென்று என்னை விட்டுவிடு. படகு காத்திருக்கிறது."

வெளியே மழை வலுத்தது. வழக்கமான துயரம் வருமென்று பூதி காத்திருந்தாள், வரவில்லை. சுரங்க வழிக்கு நேர் மேலே முந்நூறு குடும்பங்கள் வாழ்வதை மட்டும் நினைத்தாள். கதவைத் திறந்தாள்.

"அரையரே! சுரங்கத்தை இப்போதே அடைத்துவிடுங்கள். தலைநகருக்கு ஓலை எழுதுங்கள், ஒற்றன் பிடிபட்டான் என்று."

"பெயர் தெரிந்ததா, தேவி?"

"கண்டன் எழினி."

அரையனின் முகம் வெளிறியது. "தேவி, இந்த ஓலை போனால் தங்கள் பதவி..."

"போகும். 'பூதி மாதேவியின் கணவன்' என்றும் சேர்த்து எழுதுங்கள். நானே முத்திரையிடுகிறேன்."