பூசி முடியாத சுவர்

மழை சாய்வாக அடித்தது. ஷேர் ஆட்டோவின் பக்கத் திரையெல்லாம் பேருக்குத்தான்... ஜனனியின் சுடிதார் முழங்கால் வரை நனைந்துவிட்டது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்தவனின் காலடி மூட்டை புகைந்துகொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, புகைதான். கூடவே 'உஸ்ஸ்...' என்று ஒரு சத்தம்.

"ஹலோ... உங்க மூட்டை புகையுது."

அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். பெரிய கண்கள். அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி... இந்த நேரத்தில் இது கண்ணில் படுகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அடடா, தண்ணி பட்டுடுத்தா?"

"என்ன அது? வெடிக்குமா?"

"வெடிக்காது. சுட்ட சுண்ணாம்புக் கல். தண்ணி பட்டா கோவம் வரும், அவ்வளவுதான்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். "இன்னாபா இது, வண்டில அடுப்பு வச்சிக்கினு வர்றே? இறங்குப்பா சாமி. மூட்டையோட இறங்கு."

இறங்கினான். ஜனனியின் வீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளும் இறங்கினாள். குடையை விரித்து, மூட்டைக்குப் பிடித்தாள்.

கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு அவன் மூட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "எனக்கு?"

"உங்க மேல தண்ணி பட்டா புகை வருமா?"

"இப்ப லேசா வருது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள் ஜனனி. உதடு கேட்டது, கண் கேட்கவில்லை.

நனையாத முனையைப் பிடித்து மூட்டையை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்தவன், தலையைக்கூடத் துவட்டாமல் சுவரைப் போய்த் தொட்டான்.

"பழைய சுவர் மேல சிமென்ட் பூசியிருக்கா?"

"போன மாசம்தான். அதுக்குள்ள உப்பிக்கினு வருது."

"வராம? பழைய சுவர் மூச்சு விடும். நீங்க வாயைப் பொத்திட்டீங்க."

அவன் பெயர் ராமானுஜ். சின்ன காஞ்சிபுரத்துக்காரன். சிவில் படித்துவிட்டுச் சென்னையில் அடுக்குமாடி கட்டி அலுத்துப்போய், இப்போது பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு செய்கிறான். பக்கத்து ஊர் வேலைக்குப் போகும் வழியில்தான் மூட்டைக்குக் கோபம் வந்திருக்கிறது.

ஜனனிக்கு அவசரம். சென்னை ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டுத் திருப்பருத்திக்குன்றத்துக்கே திரும்பி வந்திருந்தாள். இங்கேயுள்ள ஜைனக் கோயில்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வந்தவர்கள் ஜைன வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட்டுத் தூங்க, காலையில் டிபனோடு கிளம்ப ஓர் இடம் இல்லை. பூட்டிக் கிடந்த சொந்த வீட்டை அப்படி மாற்றிவிட வேண்டும் என்பதுதான் அவள் கனவு.

அப்பா ஜீவகுமார் ஒரு கெடு வைத்திருந்தார். "ஆவணி பொறக்கறதுக்குள்ள ஒரு கூட்டமாவது வந்து தங்கட்டும்மா. இல்லன்னா அரிசி மண்டிக்காரர் குடோனுக்குக் கேக்கறார், குடுத்துடுவேன். வீட்டைச் சும்மா வச்சிக்கினு இருக்க முடியாது."

மறுநாளே ராமானுஜ் அவள் வீட்டில் வேலையைத் தொடங்கினான். சிமென்ட்டை உரித்து, கூடத்தையும் அறைகளையும் ஒவ்வொன்றாகப் பூசினான். மத்தியானச் சாப்பாடு அவள் கையால். முதல் நாள் இலையைப் பார்த்து அவன் முகம் போன போக்கு...

"உருளைக்கிழங்கு?"

"நாங்க ஜைனர். மண்ணுக்கு அடியில விளையறது எதுவும் எங்க வீட்ல கிடையாது."

"எங்காத்துல வெங்காயம், பூண்டு கிடையாது. இங்க உருளையும் கிடையாது. ரெண்டு வீடும் சேர்ந்தா கடைசில வாழைக்காய்தான் மிஞ்சும்."

"ரெண்டும் ஏன் சேரணும்?"

எடுத்த கவளம் பாதியில் நின்றது. "சும்மா... ஒரு பேச்சுக்கு."

அவள் குனிந்து மோர் ஊற்றினாள். மோர் இலையைத் தாண்டி ஓடியது.

கும்பகோணத்திலிருந்து தயாவதி அம்மா தலைமையில் ஒரு ஜைன யாத்திரைக் கூட்டம் வருவதாக உறுதியானது. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு கூடத்துச் சுவர் தயாராகிவிட்டது. ஜனனி போய் எதிரில் நின்றாள். சுவரா அது, கண்ணாடி. அவள் முகம் தெரிந்தது. பின்னால் அவன் முகமும் தெரிந்தது. அவன் பார்த்தது சுவரை அல்ல...

முகம் சிவந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். அங்கே கிணற்றடியில் ஒரு காகம் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பக்கெட்டில் குவியலாக... முட்டை ஓடுகள்.

"ராமானுஜ், இது என்ன?"

"வெள்ளைக்கரு சேர்த்தேன். கடைசிப் பூச்சுல கலப்போம். அதான் அந்தப் பளபளப்பு." சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான்.

"இது எங்க வீடுன்னு தெரிஞ்சும் கலந்தீங்களா?"

"நானும்தான் முட்டையைத் தொடமாட்டேன். சாப்பிடவா போறோம்? இது சுவர் ஜனனி."

"இந்தக் கூடத்துலதான் சாமி கும்பிடுவோம். வர்றவங்க இங்கதான் உக்காந்து சாப்பிடுவாங்க."

"அவங்களுக்குத் தெரியவா போறது?"

"எனக்குத் தெரியுமே."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை எடுத்தா வெறும் செங்கல்தான் நிக்கும். மறுபடி பூசி முடிக்கறதுக்குள்ள ஆவணி பொறந்துடும். உங்கப்பா சாவியை மண்டிக்காரர் கையில குடுத்துடுவார். யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுட்டேன். எடுத்துடுங்க."

"நான் பூசினதுலயே நல்ல சுவர் இது. என் கையால சுரண்டமாட்டேன்."

அவன் ஸ்கூட்டரின் சத்தம் தெருமுனை வரை கேட்டு அடங்கியது.

அன்று சாயங்காலமே ஜனனி தயாவதி அம்மாவுக்குப் போன் செய்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். "அறைகள்ல கலக்கலைம்மா, கூடத்துல மட்டும்தான். எடுத்துடுவேன். ஆனா வெறும் செங்கல்லா இருக்கும். நீங்க வேற இடம் பாக்கறதா இருந்தா..."

"எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்றேன்மா." போன் வைக்கப்பட்டது.

போயிற்று. எல்லாம் போயிற்று. வீடு குடோன் ஆகும். அவன்... அவனும் வரமாட்டான். இரண்டில் எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

காலையில் உளியை எடுத்துத் தானே சுவரைக் கொத்த ஆரம்பித்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"இப்படிப் பிடிச்சா செங்கல் உடையும்." வாசலில் ராமானுஜ்.

"உடையட்டும்."

"குடுங்க இங்க."

"உங்க கையால சுரண்டமாட்டேன்னீங்களே?"

"அது வாய் சொன்னது. கையைக் கேக்கலை." உளியை வாங்கிக்கொண்டான். பிறகு தணிந்த குரலில், "எங்காத்துத் தளிகை அறையில போய் நின்னேன். பெருமாளுக்குச் சமைக்கற அந்த இடத்துச் சுவர்ல இதைப் பூசுவேனான்னு யோசிச்சேன். மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச வேலைங்கற திமிர்ல உங்களை ஒரு வார்த்தை கேக்கலை. தப்பு என்னோடது" என்றான்.

அவள் இன்னோர் உளியை எடுத்து அவன் பக்கத்தில் நின்றாள்.

பாதிச் சுவர் உதிர்ந்தபோது போன் அடித்தது. அவள் கை முழுக்கச் சுண்ணாம்பு. அவனே எடுத்து அவள் காதருகே பிடித்தான். அவன் விரல் கன்னத்தில் படவில்லை. பட்டுவிடுமோ என்று இருந்தது...

"செங்கல்லைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டா இறங்காதா என்ன?" என்றது தயாவதி அம்மாவின் குரல். "மறைச்சிருக்கலாம், நீ மறைக்கலை. அதுக்காகவே வரோம்மா."

வந்தார்கள். பொழுது சாயும் முன், செங்கல் தெரிந்த கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து வயிறார உண்டார்கள். பரிமாறியது ஜீவகுமார். மறுநாள் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தவர், துண்டை உதறியபடி மகளிடம் சொன்னார்: "மண்டிக்காரரை வேற இடம் பாக்கச் சொல்லிட்டேன். அடுத்த கூட்டம் எப்ப வருது?"

ஆவணியில் ராமானுஜ் கூடத்தை மறுபடி பூசினான். இந்த முறை கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்தான். பழைய பளபளப்பு இல்லை. சந்தன நிறத்தில், தொட்டால் குளிர்ந்தது. கூழாங்கல்லால் தேய்த்தான். மறுநாளும் தேய்த்தான். அதற்கு மறுநாளும்...

ஜனனி காபியை நீட்டினாள். "அது எப்பவோ முடிஞ்ச மாதிரி இருக்குதே. இன்னும் என்ன தேய்க்கறீங்க?"

"முந்தாநேத்தே முடிஞ்சது."

"அப்புறம்?"

"முடிஞ்சதுன்னு சொன்னா கிளம்பணும்." அவன் திரும்பவில்லை. சுவரோடுதான் பேசினான். "கிளம்ப மனசில்லை ஜனனி... இந்த வீட்டை விட்டு இல்லை. உங்களை விட்டு."

வெளியே தூறல் ஆரம்பித்தது. ஓட்டிலிருந்து முற்றத்தில் நீர் சொட்டியது. அவள் அவன் கையிலிருந்து கல்லை வாங்கிக் கீழே வைத்தாள்.

"உங்கம்மாவை ஒரு நாள் கூட்டிக்கினு வாங்க. சுவரைப் பாக்கட்டும்."

"எங்கம்மா சுவரைப் பாக்க மட்டும் வரமாட்டா."

"சுவரைப் பாக்க மட்டும் நானும் கூப்பிடலை."

சொல்லிவிட்டுத் தலை குனிந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது... இருவருக்கும் அது நினைவில்லை.