காணாமல் போன ஷெர்வானி அளவு

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பானுவின் வீட்டு மாடியறைதான் அவளுக்கு ஆபீஸ். மற்றவர்கள் எழுதும் கணினி நிரலைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டுபிடித்த பிறகும் யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. அதே அறையில் அவளோடு உட்காரும் லக்ஷ்மணனுக்கு விளங்காத மர்மம் அதுதான். அவனும் அதே வேலைதான் பார்க்கிறான், ஆனால் மாதம் இரண்டு பேருடன் சண்டை.

அன்று மதியம் படியேறி வந்தவள் அவர்களுடைய கம்பெனியில் நிரல் எழுதும் ஷாஜியா. முகம் வாடிக் கிடந்தது.

"நாளைக்குள்ள காரணம் சொல்லலைன்னா என்னை வேலைய விட்டு எடுத்துடுவாங்க மேடம்."

"முதல்ல உக்காருங்க. மோர் குடிங்க. அப்புறம் சொல்லுங்க" என்றாள் பானு.

பெரிய கடை வீதிப் பக்கம் பஷீர் அகமதுவுக்கு ஒரு தையற்கடை. வாடிக்கையாளர்களின் அளவுகளெல்லாம் கடைக் கணினியில், இவர்கள் கம்பெனி அமைத்துக் கொடுத்த ஒரு கன்டெய்னருக்குள் பதிவாகின்றன. ஒரே வீட்டில் தடுத்து வைத்த தனி அறை மாதிரிதான் கன்டெய்னர். கடை சாத்தும்போது பஷீர் செல்போனில் ஒரு பொத்தானைத் தொடுவார். உடனே கம்பெனிக் கணினி, 'கையில் இருப்பதை எழுதி வைத்துவிட்டு நில்' என்று அந்தக் கன்டெய்னருக்கு உத்தரவு அனுப்பும். கெடு தாண்டியும் நிற்காவிட்டால் கடைக் கணினி அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். இந்தப் பகுதியைத்தான் ஷாஜியா போன வாரம் மாற்றி எழுதினாள். அன்று தொடங்கி, கடைசியாக எடுக்கும் அளவுகள் காணாமல் போகின்றன.

"ஹாலித்னு ஒரு மாப்பிள்ளை. நிக்காஹ் ஷெர்வானிக்கு ரெண்டு தடவை அளவு கொடுத்துட்டார். இன்னிக்கு மூணாவது. இதுவும் போச்சுன்னா லுங்கியோடதான் நிக்காஹுக்கு வருவேங்கிறார்."

லக்ஷ்மணன் சிரித்தான். பானு சிரிக்கவில்லை. "என்ன மாத்தினீங்க?"

"முன்னால 'ஒரு நிமிஷத்துல நில்லு'ன்னு சொல்வோம், கடைக் கணினியே எண்ணிக்கும். இப்ப 'இத்தனை மணிக்குள்ள நில்லு'ன்னு நம்ம ஆபீஸ்லேருந்தே எழுதி அனுப்புறோம். அதே ஒரு நிமிஷம்தான். ஆபீஸ்ல எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தேன், தப்பவே இல்லை."

"சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது யாரு?"

லக்ஷ்மணன் மோர் டம்ளருக்குள் எதையோ தேடினான். "நான்தான்" என்றவன், அவசரமாக ஒரு கட்சியும் கட்டினான்: "யாரோ மெயின் சுவிட்சை அணைக்கிறாங்க, மேடம்!"

பானு கடைக் கணினியின் பதிவுகளைத் திரையில் திறந்தாள். "'பலவந்தமா நிறுத்தினேன்'னு கணினியே குறிச்சு வெச்சிருக்கு. கரண்ட் இல்லாத மிஷின் எப்படி எழுதும்? அதுவும் உத்தரவு வந்த அதே நொடியில நிறுத்தியிருக்கு. ஒரு நிமிஷம் எங்க போச்சு? வாங்க, கடைக்குப் போய்ப் பார்ப்போம்."

சாயங்காலம் காவிரிப் பாலம் தாண்டி மூவரும் கடைக்குப் போனார்கள். பஷீரின் தம்பி ரஃபீக், ஹாலித்தின் தோளில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார். கிராக்கி உள்ளே இருக்கும்வரை கடை திறந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. திடீரென்று பஷீர் கைதட்டினார்.

"மணி எட்டாச்சு! புள்ளைங்களா, கிளம்புங்க!"

தையல் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ரஃபீக் சுவர்க் கடிகாரத்தையும் கணினி மூலையில் இருந்த மணியையும் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். அளவைப் பதிந்துவிட்டு, மாப்பிள்ளையுடன் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் புறப்பட்டார்.

"என் போன்ல இன்னும் எட்டாகலையே" என்று முணுமுணுத்தான் லக்ஷ்மணன். எல்லார் வீட்டிலும் கடிகாரம் பத்து நிமிடம் முந்தித்தானே ஓடுகிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டான்.

பஷீர் செல்போனை எடுத்தார்.

"பாய், அந்தப் பொத்தானைத் தொடாதீங்க!" பானு குரலை உயர்த்தி லக்ஷ்மணன் கேட்டதே இல்லை. "தொட்டா ஹாலித் அளவு போயிடும். எங்க ஆபீஸ்ல இன்னும் எட்டாகலை, அதனால எட்டுக்கு முன்னால ஒரு மணியைச் சொல்லி அதுக்குள்ள நில்லுன்னு உத்தரவு வரும். உங்க கணினியில எட்டு மணி எப்பவோ தாண்டியாச்சு. கெடு முடிஞ்சுதுன்னு நினைச்சு உடனே கழுத்தைப் பிடிச்சுடும். எங்க ஆபீஸ்ல எல்லாக் கணினியும் ஒரே மணி காட்டும். அதான் ஷாஜியா கண்ணுல படலை. இந்தக் கணினி மணியைத் தள்ளி வெச்சது நீங்கதானே?"

பஷீர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வருஷக்கணக்கா ரெண்டு மணியும் பத்து நிமிஷம் முந்தித்தாம்மா. எட்டு மணி பஸ்ஸை விட்டா அந்தப் புள்ளைங்க ஒரு மணி நேரம் ரோட்டுல நிக்கணும். தம்பி தங்கமானவன்தான், ஆனா கடிகாரம் சொன்னாத்தான் கேப்பான். இந்தப் பொண்ணு வேலைக்கு இப்படி வம்பு வரும்னு தெரியாதும்மா. இப்பவே சரியா வெச்சுடறேன்." சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"இறங்குங்க பாய். திருத்த வேண்டியது நிரலை. ஷாஜியா, 'இத்தனை மணிக்குள்ள'ன்னு சொல்லாதீங்க, பழையபடி 'இத்தனை நேரம்'னு சொல்லுங்க. மணி இடத்துக்கு இடம் மாறும், நிமிஷம் மாறாது."

ஷாஜியா அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். இந்தத் தடவை லக்ஷ்மணன் ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகே ஒப்புதல் கொடுத்தான். பஷீர் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானைத் தொட்டார். கன்டெய்னர் சாவகாசமாக எழுதி முடித்து, தானாக நின்றது. மறுபடி திறந்தால், தோள் முதல் முழங்கால்வரை ஹாலித் பத்திரமாக இருந்தார். பானு மேலாளரிடம் போனில் பேசிவிட்டு, "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க" என்றாள். ஷாஜியா அழுதே விட்டாள்.

"காரணம்னு என்ன மேடம் எழுதறது?"

"ரெண்டு கணினிகள்ல மணி ஒண்ணா இருக்கும்னு நம்பிட்டோம்னு எழுதுங்க. அது போதும்."

அப்போது தொழுகை முடித்து ரஃபீக் உள்ளே வந்தார். "என்னண்ணே, இன்னும் சாத்தலையா? தம்பி, உங்க போன்ல மணி என்ன?"

கேள்வி லக்ஷ்மணனுக்கு. ஊரார் தப்பையெல்லாம் நுணுக்கி நுணுக்கிச் சொல்பவன், போனை எடுத்துப் பார்த்தான். எட்டு இருபது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"எட்டரை, பாய்" என்றான்.