எரிமலைக்கல் அம்மி

அம்மியில் ஊற்றிய தண்ணீர் கீழே வடியவில்லை. சிவமணி இன்னொரு செம்பு ஊற்றிப் பார்த்தாள். கல் காய்ந்தே கிடந்தது.

"இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ. கல்லு தண்ணியைக் குடிக்குது."

விக்னராஜா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மெல்பேர்னுக்கு வந்த இந்த ஒரு வருடத்தில், எழுபத்துநான்காம் ஆண்டின் இந்தக் குளிர்காலம் வரைக்கும், அவருக்கு எல்லாமே இளக்காரம்தான். புட்ஸ்கிரே வாடகை வீடு இளக்காரம், பக்கத்து வீட்டுக்காரன் இளக்காரம், மனைவியின் புத்தி எல்லாவற்றையும்விட இளக்காரம். கல்லூரியில் பாறையியல் படிப்பிக்கிற மனிதருக்குக் குசினியில் சமைக்கிற ஒருத்தி கல்லைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாள்.

அந்தக் கல்லைக் கொண்டுவந்ததே அந்த மேதைதான். ஊரிலிருந்து விமானத்தில் அம்மியையா ஏற்ற முடியும்? நகரத்துக்கு மேற்கே, கைவிடப்பட்ட கற்குழி ஒன்றில் கண்ட கறுப்புப் பலகைக்கல்லைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் துளை, சிலவற்றில் விரலே நுழையும். கொத்தாமலே சொரசொரப்பு. தன் கெட்டித்தனத்தை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

"எரிமலைக் குழம்பு ஆறேக்கை காத்து வெளிக்கிட்ட ஓட்டையள் அது. ஒண்டோட ஒண்டு தொடுப்பில்லை. தண்ணி உள்ள போகாது. உனக்கு எங்க விளங்கப்போகுது."

"அரைக்கிற தேங்காயிலயும் பாதியைக் காணேல்லை. பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து அதுக்குப் பக்கத்திலதான் போறாள். எனக்குப் பயமாய்க் கிடக்கு. வெளியில போடுங்கோ."

"விசர்க்கதை கதையாதை."

ஆனால் அன்றிலிருந்து அவருக்கும் காது குசினிப் பக்கமே இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் புகையும், ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளிலிருந்து காற்றில் வரும் கொழுப்பு நாற்றமும், பலகைச் சுவர் குளிரில் முனகுவதும் பழகிப்போனவைதான். அவற்றுக்கு அடியில், ஈரமாய், மெதுவாய், எதையோ சப்புகிற மாதிரி ஒரு சத்தம். குழாய் ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழாயைப் போய்ப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சிவமணி குழந்தை சந்திரகலாவுக்குக் கம்பளிச் சட்டை மாட்டினாள்.

"துளையளுக்குள்ள வெள்ளையாய் என்னவோ முளைச்சிருக்கு. நான் நாகேஸ்வரி அக்கா வீட்டை போறன். கல்லு போனாப்பிறகுதான் பிள்ளையோட வருவன். நீங்களும் வாங்கோவன்."

விக்னராஜா சிரித்தார். வெள்ளைக் கனிமம். துளைகளில் நிரம்புவது வழக்கம்தான். நிரம்ப ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். போன கிழமை அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதையும் அவர் அறிவார். ஆனாலும் ஒரு பெண்ணின் பயத்துக்கு இணங்குவதா? "நில், காட்டுறன்" என்று குசினிக்குள் போனார்.

விளக்கு வெளிச்சத்தில் கல் மினுங்கியது. கை வைத்தார். சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்புச் சூடு.

பெரிய துளைக்குள் சுட்டுவிரலை விட்டார்.

விரலைச் சுற்றி ஏதோ மூடியது. மென்மை. ஈரம். இன்னும் பல் முளைக்காத சந்திரகலா அவருடைய விரலை ஈறால் சப்புவதும் இப்படித்தான். இழுத்தார். வரவில்லை. மென்மைக்கு அடியிலிருந்து கூராக ஒன்று எழும்பியது. பிறகு இன்னொன்று.

"வாறீங்களோ?" வாசலிலிருந்து சிவமணி கேட்டாள்.

ஒரு சொல் போதும். ஓடி வருவாள். கல்லை உடைக்கச் சுத்தியலோடு வருவாள். ஆனால் என்னவென்று சொல்வது? கல் கடிக்கிறது என்றா? அவளிடமா?

"நீ போ."

தெருப்படலை சாத்துப்பட்டது. குழந்தையின் சிணுங்கல் தெருவோடு தேய்ந்தது.

குசினிக்குள் அரைக்கிற சத்தம். குழவி மூலையில் அசையாமல் கிடந்தது.

விரலைப் பிடுங்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் கையை விரித்துக் கல்லின் மேல் அழுத்தி ஊன்றினார்.

ஐந்து விரல்களுக்கும் கீழே ஐந்து துளைகள் ஈரமாகத் திறந்தன.